செவிலியர் மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கப் போகிறவர்களுக்கு: பாடத்திட்டம், ஆவணங்கள், செலவு, நாள்கணக்கு

புள்ளியியலில் முதுகலை முடித்துக் கலைக் கல்லூரியில் சில ஆண்டுகள் பாடம் எடுத்திருந்த எனக்கு, ஒரு செவிலியர் கல்லூரியிலிருந்து கௌரவ விரிவுரையாளராக வரச் சொல்லி அழைப்பு வந்தபோது, இதற்குத் தனியாகத் தயாராக என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. முதல் நாள், மதிய உணவுக்குப் பிந்தைய இரண்டு மணி வகுப்பில், கரும்பலகை நிறையச் சிக்மா என்ற கூட்டல் குறியாகப் போட்டேன். இரவுப் பணி முடித்து வந்திருந்த பின்வரிசை அப்படியே தூங்கிவிட்டது. விழித்திருந்தவர்கள் சூத்திரங்களை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். எழுதினார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த ஆண்டு உள்மதிப்பீட்டுத் தேர்வில் வகுப்பில் பாதிப் பேர் திட்ட விலக்கக் கணக்கை (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற கணக்கை) தொடவே இல்லை. பிழை மாணவர்களுடையது அன்று என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஒரு ஆண்டு தேவைப்பட்டது.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களுக்கு முதன்முறையாக இந்தப் பாடம் எடுக்கப் போகும் இரு வகையினருக்காக இதை எழுதுகிறேன். ஒரு வகை, என்னைப் போல வெளியிலிருந்து வரும் புள்ளியியல்காரர்கள். மற்றொரு வகை, கல்லூரியிலேயே இருந்து, "இந்த செமஸ்டர் ரிசர்ச் பேப்பரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் யூனிட்டை நீங்களே எடுத்துவிடுங்கள்" என்று சொல்லப்பட்ட செவிலிய ஆசிரியர்கள்.

1. பாடத்திட்டத்தின் அச்சுப் பிரதியை வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பாடத்திட்டத்தின்படி, செவிலிய ஆராய்ச்சியும் புள்ளியியலும் ஒரே பாடமாக ஏழாம் பருவத்தில் வருகின்றன. வகுப்புக்கு 40 மணி நேரம், ஆய்வகப் பயிற்சிக்கு 40 மணி நேரம், மருத்துவமனையிலோ சமுதாயத்திலோ செய்யும் ஆய்வுத் திட்டத்துக்கு 40 மணி நேரம். இதில் புள்ளியியல் அறிமுகம் என்ற அலகுக்கு உரியவை 12 மணி நேர வகுப்பும் 8 மணி நேர ஆய்வகமும்தான். கலைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்துவதை இங்கே பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதை முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத் தேர்வு 75 மதிப்பெண், உள்மதிப்பீடு 25. அந்த 75-இல் ஆராய்ச்சிப் பகுதிக்கு 55, புள்ளியியலுக்கு 20. அந்த 20-ம் நான்கு ஒரு மதிப்பெண் வினாக்கள், இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள், மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்கள் என்று பிரிகிறது; நீண்ட கட்டுரை வினா கிடையாது. ஆகவே இரண்டு பக்கத்துக்கு நீளும் தேற்ற நிறுவல்கள் எதுவும் இங்கே தேவைப்படாது. பாடத்திட்டத்தின் எந்தத் திருத்தம் உங்கள் மாணவர் அணிக்குப் பொருந்தும் என்று கல்லூரி முதல்வரிடமே கேட்டு, அந்தப் பக்கங்களின் நகலையும், கிடைக்கும் பழைய வினாத்தாள்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு முறையில் நடந்த காலத்து வினாத்தாள்களும் அதே கோப்பில் கலந்து கிடக்கும். அவற்றின் மதிப்பெண் பங்கீட்டை நம்பித் திட்டமிட்டால் ஏமாறுவீர்கள்.

2. உங்கள் சொந்த ஆவணங்களை முடித்துவிடுங்கள்

வெளியிலிருந்து செல்பவர்கள் எழுத்து வடிவிலான அழைப்புக் கடிதம் இல்லாமல் ஒரு வகுப்பும் எடுக்கக் கூடாது. அதில் மொத்த மணி நேரம், மணிக்கு எவ்வளவு மதிப்பூதியம், பயணப்படி உண்டா இல்லையா, ஆய்வக மணி நேரத்துக்கும் அதே ஊதியமா, வினாத்தாள் தயாரித்து விடைத்தாள் திருத்துவது இதில் அடங்குமா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். நான் முதல் ஆண்டு வாய்மொழியை நம்பி ஆய்வகத்துக்குத் தனி ஊதியம் உண்டு என்று எண்ணியிருந்தேன். பருவ முடிவில் கணக்கு அலுவலகத்தில், ஆய்வகம் என்பது வகுப்பின் தொடர்ச்சி என்று விளக்கம் கிடைத்தது.

கல்விச் சான்றிதழ்களின் சான்றொப்பமிட்ட நகல்கள், அனுபவச் சான்று, நிழற்படம், வங்கிக் கணக்கு விவரம், பான் அட்டை நகல் ஆகியவற்றை ஒரே உறையில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஆண்டு வரம்பைத் தாண்டும் மதிப்பூதியத்தைத் தொழில்முறைக் கட்டணமாகக் கருதினால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காதவர்களுக்கு அது 20 சதவீதம் ஆகிவிடும். பிடித்த வரிக்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெற அது உதவும்.

கல்லூரிக்குள் இருக்கும் ஆசிரியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: லெசன் பிளான். கலைக் கல்லூரியில் இதை யாரும் கேட்டதில்லை. இங்கே நேரம், குறிப்பான நோக்கம், உள்ளடக்கம், ஆசிரியர் செய்வது, மாணவர் செய்வது, துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கல்லூரியைப் பார்வையிடும் குழு வரும்போது முதலில் கேட்கப்படுவதும் அதுதான். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் ஒரே வாரத்தில் எழுதி முடித்துவிடுங்கள். வகுப்பு எடுத்த பிறகு திரும்ப உட்கார்ந்து எழுதுவதுபோல் அலுப்பான வேலை வேறில்லை.

3. மாஸ்டர் ரொட்டேஷன் பிளானைப் பார்த்து நாள் குறியுங்கள்

ஒவ்வொரு செவிலியர் கல்லூரி முதல்வர் அறையின் சுவரிலும் ஒரு பெரிய வண்ணக் கட்ட அட்டவணை தொங்கும். எந்த ஆண்டு மாணவர்கள் எந்த வாரம் வகுப்பில் இருப்பார்கள், எந்த வாரம் பிரசவ வார்டில், எந்த வாரம் கிராமச் சமுதாயப் போஸ்டிங்கில் இருப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்துதான் உங்கள் தேதிகளைக் குறிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டால் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று தோன்றும். பருவத்துக்கு 20 வாரம் இருக்கிறதே என்ற நிம்மதியும் வரும். ஆனால் ஏழாம் பருவத்தில் சமுதாயநலச் செவிலியமும் மகப்பேறுச் செவிலியமும் சேர்ந்து வருவதால், மாணவர்கள் வாரக்கணக்கில் ஒட்டுமொத்தமாக வெளியே போய்விடுவார்கள். ஐந்து வார இடைவெளிக்குப் பிறகு திட்ட விலக்கத்தைத் தொடர்ந்தால் சராசரியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

நான் இப்போது செய்வது இதுதான்: போஸ்டிங்குக்கு முன்னால் ஒரு தொகுதியாக ஐந்து மணி நேரம், திரும்பி வந்ததும் ஏழு மணி நேரம். முதல் தொகுதியில் அளவீட்டு வகைகள், அட்டவணை, வரைபடம், சராசரி. இரண்டாவதில் திட்ட விலக்கம், இயல்நிலைப் பரவல் (மணி வடிவப் பரவல்), சோதனைகள், ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா என்பது). போஸ்டிங் காலத்திலேயே மாணவர்கள் தங்கள் தரவைச் சேகரித்து வருவதால், இரண்டாம் தொகுதிக்கு அது பயன்படுகிறது. இரவுப் பணி முடிந்த மறுநாள் காலை வகுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வருகைப் பதிவில் எல்லாரும் இருப்பார்கள். பாடத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். எழுத்துத் தேர்வுக்கு அமர ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை தேவை என்பதால் அவர்கள் வந்துதான் தீருவார்கள். அந்தக் கட்டாயத்தை நாம் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

4. நெறிமுறைக் குழு விண்ணப்பத்தை முதல் வாரமே நகர்த்துங்கள்

இது ஆராய்ச்சிப் பகுதி ஆசிரியரின் வேலை என்று எண்ணி நான் ஒதுங்கியிருந்தேன். விளைவு, ஒரு குழு தரவு சேகரிக்க அனுமதி வராமல், கர்ப்பிணிகளிடம் செய்ய வேண்டிய ஆய்வைத் தலைப்பை மாற்றித் தங்கள் கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவிகளிடமே செய்து முடித்தது. கூறெடுத்தல் (ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) பற்றி நான் நடத்திய பாடம் முழுவதையும் அந்த ஓர் அறிக்கை கேலி செய்தது.

மாணவர் திட்டமாக இருந்தாலும், மனிதர்களிடம் தரவு சேகரித்தால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் குழு தினமும் கூடுவதில்லை. விண்ணப்பம், திருத்தம் கேட்டு வரும் கடிதம், மறுவிண்ணப்பம் ஆகியவற்றுக்கு இரண்டு மாதமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆறாம் பருவ இறுதியிலேயே தலைப்பை முடிவு செய்யச் சொல்லுங்கள். பொதுவாகக் கேட்கப்படும் தாள்கள்: ஆய்வு முன்வரைவு, வினாநிரல், பங்கேற்பாளர் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழிலும் ஆங்கிலத்திலும், வழிகாட்டியின் கடிதம், ஆய்வு நடக்கும் இடத்தின் அனுமதிக் கடிதம். பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகளின்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் பெற வேண்டும்.

முன்வரைவில் மாதிரி அளவும் பகுப்பாய்வுத் திட்டமும் இருக்கும் அந்த ஒரு பக்கத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. "விவரணப் புள்ளியியலும் அனுமானப் புள்ளியியலும் பயன்படுத்தப்படும்" என்ற ஒற்றை வரியோடு அது போனால் திரும்பி வரும். எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை என்று வரிசையாக எழுத வையுங்கள். செலவும் இங்கேதான் தொடங்குகிறது. 60 பேரிடம் ஒரு வினாநிரல் என்றால், தகவல் தாள், ஒப்புதல் படிவம், வினாநிரல் மூன்றும் சேர்ந்து ஆளுக்கு எட்டு பக்கமாவது வரும். பங்கேற்பாளர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்றால் வினாநிரல் இரட்டிப்பாகும். எழுநூறு, எண்ணூறு பக்க நகலுக்கான தொகையைக் குழுவினர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கடைசி நேர மனத்தாங்கல் இருக்காது.

5. எதிரே இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று பாருங்கள்

பி.எஸ்சி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும். கணிதம் கட்டாயம் இல்லை. வகுப்பில் பலர் பியூர் சயின்ஸ் குரூப்பில் படித்தவர்கள். கணிதத்தைக் கடைசியாகப் பத்தாம் வகுப்பில் பார்த்தவர்கள். ஆனால் அவர்கள் படித்த அந்தப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் புள்ளியியலும் நிகழ்தகவும்தான். திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் அதில் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றையும் பார்த்திருக்கிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்த மாணவிக்கு 'மீடியன்' என்ற சொல் புதிது, 'இடைநிலை அளவு' பழையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் எழுதினாலே பாதி பயம் போய்விடும். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் அந்தப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; அந்த அத்தியாயத்தை நீங்களும் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

அவர்களுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று, நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து பதில் வந்தது. தங்கள் கைக்கு வரும் எண்ணை அவர்கள் கணக்கிடுவார்கள். யாருடையது என்று தெரியாத எக்ஸ், ஒய் என்றால்தான் பேனா நிற்கிறது.

6. முதல் வகுப்பை இரத்த அழுத்தத்தில் தொடங்குங்கள்

புள்ளியியலின் வரையறையும் பயன்களும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு வேண்டும் என்பது உண்மையே. அதைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். நைட்டிங்கேல் அம்மையார் வரைந்த வரைபடத்தைக் காட்டி அரை மணி நேரத்தைக் கழிக்கும் வழக்கமும் உண்டு. நானும் கழித்திருக்கிறேன், ஒரு பயனும் இல்லை.

இப்போது நான் செய்வது: மாணவர்கள் பாதரச மானியால் ஒருவருக்கொருவர் இரத்த அழுத்தம் பார்த்து, ஆளுக்கு ஒன்றாகச் சுருக்கழுத்தத்தை (120/80-இல் மேலே உள்ள எண்ணை) பலகையில் எழுத வேண்டும். 60 எண்கள் வந்ததும், கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணச் சொல்வேன். மானியில் கோடுகள் இரண்டிரண்டு மில்லிமீட்டராக இருப்பதால் 0, 2, 4, 6, 8 என்ற ஐந்தும் ஏறக்குறைய சமமாக, பன்னிரண்டு பன்னிரண்டாக வர வேண்டும். பலகையில் பாதிக்கு மேல் 0-வில் முடிந்திருக்கும். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "வார்டுல எல்லாரும் அப்படித்தான் மேம் எழுதுவோம், 118-ஐ யாரு மேம் 118-ன்னு எழுதுறாங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. அந்த ஒரு கேள்வியிலிருந்து நிகழ்வெண் பட்டியல், பட்டை வரைபடம், அளவீட்டுப் பிழை மூன்றுக்கும் போய்விட முடிந்தது. பின்னால் கை வர்க்க (chi-square) சோதனை, அதாவது இரண்டு பிரிவுகளுக்கிடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை, நடத்தும்போதும் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. "அந்தப் பன்னிரண்டு" என்றால் போதும்.

அளவீட்டு வகைகளுக்கும் வார்டே போதும். இரத்த வகை பெயரளவில் மட்டும் பிரிப்பது. பிறந்த குழந்தையின் நிலையைச் சொல்லும் அப்கார் மதிப்பெண்ணும் நினைவு நிலையைச் சொல்லும் கிளாஸ்கோ கோமா அளவும் வரிசைப்படுத்துபவை. கோமா அளவு 3-இலிருந்து 15 வரை போகும் என்பதால், 12 பெற்றவர் 6 பெற்றவரைவிட இரு மடங்கு நினைவோடு இருக்கிறார் என்று சொல்ல முடியாது என்பதை அவர்களே சொல்வார்கள். உடல் வெப்பம் இடைவெளி அளவு (பூஜ்யம் டிகிரி என்றால் வெப்பமே இல்லை என்றாகாது), பிறப்பு எடை விகித அளவு (இரு மடங்கு என்று சொல்லலாம்).

சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நான் எழுதும் எண்கள் ஏழு. ஏழு நோயாளிகள் வார்டில் இருந்த நாட்கள்: 3, 3, 4, 4, 5, 6, 38. கூட்டினால் 63, சராசரி 9 நாள். ஏழு பேரில் ஆறு பேர் அந்த ஒன்பதாவது நாளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்கள். இடைநிலை அளவு 4. "படுக்கை எத்தனை நாளில் காலியாகும் என்று சிஸ்டர் கேட்டால் எந்த எண்ணைச் சொல்வீர்கள், மாதத்துக்கு எத்தனை உணவுப் பொட்டலம் என்று ஸ்டோர் கேட்டால் எதைச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இடைநிலை அளவு, இரண்டாவதற்குச் சராசரி.

விகிதங்களில் பகுதியை (கீழே வகுக்கும் எண்ணை) கவனிக்கச் சொல்லுங்கள். சிசு இறப்பு வீதம் 1,000 உயிருள்ள பிறப்புகளுக்கு, பேறுகால இறப்பு விகிதம் 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்கு. சமுதாயநலப் பாடத்தில் மனப்பாடம் செய்ததுதான் என்பதால் பத்து நிமிடம் போதும்.

7. திட்ட விலக்கத்தில் இருக்கும் பொறி: வகுப்பது என்-ஆலா (n, எண்களின் எண்ணிக்கை), என் கழித்தல் ஒன்றாலா?

ஐந்து குழந்தைகளின் பிறப்பு எடை கிலோவில்: 2.4, 2.6, 2.8, 3.0, 3.2. சராசரி 2.8. விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 0.40. இதை 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.28, 4-ஆல் வகுத்தால் 0.32. பத்தாம் வகுப்புப் புத்தகம் 5-ஆல் வகுக்கச் சொன்னது. நீங்கள் மாதிரியிலிருந்து மதிப்பிடுவதால் 4-ஆல் வகுக்கச் சொல்வீர்கள். இந்த மோதலைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டாவிட்டால், பாதி வகுப்பு ஒரு விடையும் மீதி வகுப்பு வேறொரு விடையும் எழுதும். இரு தரப்பும் தாங்கள் செய்தது சரி என்று உறுதியாக இருக்கும்.

கால்குலேட்டரிலும் அதே பொறி. மாணவர்களிடம் அதிகம் காணப்படும் கேசியோ எஃப்எக்ஸ் 82 எம்எஸ் வகையில், மோட் அழுத்தி 2 அழுத்தினால் திட்ட விலக்க முறை வரும். ஒவ்வொரு எண்ணையும் அடித்து எம் பிளஸ் விசையை அழுத்த வேண்டும். பிறகு ஷிஃப்ட், 2 அழுத்தினால் மூன்று தேர்வுகள் வரும்: முதலாவது சராசரி, இரண்டாவது என்-ஆல் வகுத்தது, மூன்றாவது என் கழித்தல் ஒன்றால் வகுத்தது. நமக்கு வேண்டியது மூன்றாவது. பழைய கணக்கின் எண்கள் நினைவில் தங்கியிருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட், மோட், 1, சமக்குறி என்று அழுத்தித் துடைத்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி இது. வாங்கச் சொல்வதற்கு முன், தேர்வு அறையில் அனுமதி உண்டா என்று உங்கள் கல்லூரித் தேர்வுப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். எக்செலில் எஸ்டிடெவ் என்ற பெயருக்குப் பின்னால் புள்ளியிட்டு எஸ் என்று வருவதுதான் மாதிரிக்கு உரியது. பி என்று வருவது முழுமைத் தொகுதிக்கு.

இயல்நிலைப் பரவலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். படமும், சராசரிக்கு இருபுறமும் ஒன்று, இரண்டு, மூன்று திட்ட விலக்கத்துக்குள் ஏறக்குறைய எத்தனை சதவீதம் வரும் என்று சொல்லும் 68, 95, 99.7 என்ற மூன்று எண்களும், குழந்தைகளின் பிறப்பு எடையை அதில் பொருத்திக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டும் போதும்.

8. சோதனைகளில் இரண்டை மட்டும் ஆழமாக நடத்துங்கள்

செவிலியர் கல்லூரிகளில் மாணவர் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அச்சு. ஏதோ ஒரு தலைப்பில் ஒரு குழுவினரின் அறிவை வினாநிரலால் அளப்பார்கள், திட்டமிட்ட கல்வி கொடுப்பார்கள், ஒரு வாரம் கழித்து அதே வினாநிரலால் மீண்டும் அளப்பார்கள். கடைசியில் வயது, கல்வி, வருமானம், வசிப்பிடம் என்று ஒவ்வொன்றோடும் தொடர்பு பார்ப்பார்கள். ஆகவே அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுபவை இணை டி சோதனையும் (அதே ஆட்களின் முன், பின் சராசரிகளை ஒப்பிடுவது) கை வர்க்கச் சோதனையும்தான். எஃப் சோதனையையும் மற்றவற்றையும் எப்போது பயன்படுத்துவது என்ற ஒரு பட்டியலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இணை டி சோதனையை ஒரே பக்கத்தில் முடிக்கும்படி எண்களை முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இது: ஐந்து தாய்மார்களின் முன் மதிப்பெண் 8, 10, 7, 11, 9; பின் மதிப்பெண் 12, 13, 12, 14, 14. வேறுபாடுகள் 4, 3, 5, 3, 5; சராசரி வேறுபாடு 4, அதன் திட்ட விலக்கம் சரியாக 1. ஒன்றை 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.447, 4-ஐ அதனால் வகுத்தால் 8.94. வரையற்ற பாகை (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், இங்கே ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 4-க்கு 5 சதவீத மட்டத்தில் அட்டவணை மதிப்பு 2.776; நமக்கு வந்தது அதைவிடப் பெரிது. இதே எண்களை இணையில்லாத டி சோதனையில் போட்டால் 4.78 வரும். ஒரே ஆளை இரு முறை அளந்திருக்கிறோம் என்பதை மறந்தால் என்ன இழக்கிறோம் என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

பி மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடவோ பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-ஐவிடக் குறைவாக வந்ததும் குழுவினர் மகிழ்ந்துவிடுவார்கள். அங்கே நிறுத்திக் கேளுங்கள்: ஒப்பீட்டுக் குழு இல்லாமல், அதே வினாநிரலை ஒரே வாரத்தில் இரண்டாம் முறை கொடுத்தால், கல்வி கொடுக்காமலே மதிப்பெண் கொஞ்சம் ஏறாதா? இதைக் கேட்டதற்காக ஒரு வழிகாட்டி என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை. ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

கை வர்க்கத்தில் இரண்டு தவறுகள் மீண்டும் மீண்டும் வரும். முதலாவது, எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை 5-க்குக் குறைவாக உள்ள கட்டங்கள். 60 பேரைக் கல்வித் தகுதியில் ஆறு பிரிவாகவும் அறிவில் மூன்று பிரிவாகவும் பிரித்தால் 18 கட்டம். கட்டத்துக்குச் சராசரியாக மூன்று பேர்தான். பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லுங்கள், இரண்டுக்கு இரண்டு அட்டவணையானால் சிறிய எண்ணிக்கைகளுக்கான ஃபிஷர் சோதனைக்குப் போகச் சொல்லுங்கள். இரண்டாவது, பத்து சமூக மாறிகளோடு தொடர்பு பார்த்து, ஒன்றே ஒன்று 0.05-க்குக் கீழே வந்ததும் அதைக் கண்டுபிடிப்பாக அறிவிப்பது. ஒன்றையொன்று சாராத பத்து சோதனைகளில், உண்மையில் ஒரு தொடர்பும் இல்லாதபோதே, ஒன்றாவது அப்படி வர ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு உண்டு. 0.95-ஐப் பத்து முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழிக்கச் சொன்னால் மாணவர்களே இதைக் கண்டுபிடிப்பார்கள்.

ஒட்டுறவுக்கு ஒரு மணி நேரம். சிதறல் வரைபடம் வரையாமல் கெழுவைக் கணக்கிட விடாதீர்கள்.

9. ஆய்வகத்தின் எட்டு மணி நேரத்தில் பாதியைத் தரவு உள்ளிடுவதற்கே கொடுங்கள்

மாஸ்டர் ஷீட் என்று அவர்கள் சொல்லும் பெரிய அட்டவணையில்தான் ஆய்வின் தலையெழுத்து இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வரிசை, ஒரு மாறிக்கு ஒரு நெடுவரிசை என்ற விதியை முதலில் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதும் பழக்கத்தில் 120/80 என்று ஒரே கட்டத்தில் போட்டுவிடுவார்கள். அதைக் கணினி எழுத்தாகவே பார்க்கும், சராசரி வராது. வலி அளவு 8/10 என்று அடித்தால் எக்செல் அதை அக்டோபர் 8 என்று தேதியாக்கிவிடும். ஒரு குழுவின் வலி மதிப்பெண்கள் எல்லாம் அக்டோபர் மாதமாக மாறிப் போனதை, பகுப்பாய்வுக்கு உட்கார்ந்த அன்றுதான் கண்டுபிடித்தோம். வயதை 25–30 என்று வகுப்பாகப் போடாமல் எண்ணாகவே உள்ளிட வேண்டும். வகுப்பைப் பின்னால் உருவாக்கலாம். விடுபட்ட தரவுக்கு 0 போடக் கூடாது. பெயர், உள்நோயாளி எண், கைபேசி எண் மூன்றும் இந்த அட்டவணையில் இருக்கவே கூடாது. குறியீட்டு எண் போதும்.

மென்பொருளுக்குப் பணம் செலவிடத் தேவையில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருளின் உரிமம் கல்லூரியில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் யாரோ பென் டிரைவில் கொண்டுவரும் திருட்டுப் பிரதியை நிறுவ அனுமதிக்காதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் அதனோடு வந்த வைரஸ் மூன்று குழுக்களின் கோப்புகளை விழுங்கியது. ஜமோவி இலவசம், திரையில் கிளிக் செய்தே இணை டி சோதனையும் கை வர்க்கமும் செய்துவிடலாம். பழைய கணினிகளில் பி.எஸ்.பி.பி. என்ற இலவச மென்பொருள் சிரமமின்றி ஓடும். எதுவானாலும் வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே போய் எல்லாக் கணினிகளிலும் நிறுவிப் பாருங்கள். நிர்வாகக் கடவுச்சொல் வைத்திருப்பவர் அன்றைக்குப் பார்த்து விடுப்பில் இருப்பார்.

10. அறிக்கையைத் திருத்தும்போதும் தேர்வுக்கு முன்பும்

அறிக்கைகளில் நான் சிவப்பு மை போடும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். "60 சாம்பிள்கள்" என்று எழுதுவார்கள். மாதிரி ஒன்றுதான், அதில் 60 பேர். "பி = 0.000" என்று மென்பொருள் காட்டியதை அப்படியே எழுதுவார்கள், 0.001-ஐவிடக் குறைவு என்று எழுத வேண்டும். 60 பேரின் சதவீதத்தை 33.333 என்று மூன்று தசமத்துக்கு நீட்டுவார்கள். ஒரு தசமம் போதும். திட்ட விலக்கம் இருக்க வேண்டிய இடத்தில், சிறிதாகத் தெரிகிறது என்று திட்டப் பிழையை (திட்ட விலக்கத்தை ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்ததை) போட்டுவிடுவார்கள்; இதை மட்டும் வாய்மொழித் தேர்விலும் கேளுங்கள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, 20 மதிப்பெண்ணுக்கு அதே அமைப்பில் ஒரு மாதிரித் தேர்வு வையுங்கள். நாற்பது நிமிடம் போதும். விடைத்தாளை அடுத்த நாளே திருப்பிக் கொடுங்கள், ஏனென்றால் அதற்கடுத்த நாள் அவர்கள் மீண்டும் போஸ்டிங்குக்குப் போயிருப்பார்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண் பட்டியலைக் கையெழுத்திட்டுக் கொடுக்கும்போதே, எடுத்த வகுப்புகளின் தேதிவாரிப் பட்டியலை வருகைப் பதிவேட்டின் நகலோடு சேர்த்து மதிப்பூதியப் பில்லையும் கொடுத்துவிட்டு, இரண்டாம் பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.